வகானாவின் தட்டும் ஹெய்சுகேயின் வயிறும்

ஜூன் 24, விடாத மழை

அன்பு மகள் வகானாவுக்கு, உன் பெரியப்பா தொக்குஜிரோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பெரியம்மா மசுயோவும் சௌக்கியம். உன் நாய் ஹெய்சுகே எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் பார்த்தாலும் அதைவிட அதிக சௌக்கியம், அந்தச் சௌக்கியம்தான் இந்தக் கடிதத்தின் தொல்லையே. அங்கே சிலி நாட்டில் நீயும் நீ வளர்க்கும் அந்த லட்சக்கணக்கான சால்மன் மீன்களும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது, மீன்களின் நலத்தைத் தனித்தனியாக எழுத வேண்டாம், மொத்தமாகச் சொன்னால் போதும். இப்போது வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது, ஒரு சத்தியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நடந்தபோது அதே அறையில் இருந்த உன் பெரியம்மாவே பாதிக்கு மேல் நம்பவில்லை. நீயும் நம்பாதே. ஆனால் கடைசி வரை படி.

போன மாதம் நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, ஹெய்சுகே எங்கே காணோம், புதுசாக ஏன் சோபா வாங்கினீர்கள் என்று கேட்டிருந்தாய். மகளே, அது சோபா இல்லை. நம் வீட்டில் சோபா வாங்கும் வழக்கம் கிடையாது. நீ விட்டுவிட்டுப் போனபோது பன்னிரண்டரைக் கிலோ இருந்த அந்தக் காட்டுப்பன்றி வேட்டை வம்சத்து வீரன்தான் அது. அந்தப் போட்டோவில் தெரிவது அவன் முன்பக்கம் மட்டும், பின்பக்கம் பக்கத்துத் தெருவில் இருந்ததால் சட்டத்துக்குள் அடங்கவில்லை. படகுத்துறையில் அவனை உட்கார வைத்துவிட்டு நான் சிகரெட் பற்றவைத்த நேரத்தில், தீவுக்குப் போகும் படகுக்காரர் அவனையே தீவு என்று நினைத்துக் கயிறு கட்டிவிட்டார், இரண்டு பயணிகள் இறங்கியே விட்டார்கள். பக்கத்தில் இருக்கும் குவசுரு வீட்டு அம்மா அவன் நிழலில் கருவாடு காயாது என்று முறையிட்டுக் கொட்டகையை இரண்டு முழம் தள்ளிக் கட்டிக்கொண்டாள். எரிமலைச் சாம்பல் விழும் நாட்களில் ஊரெல்லாம் குடை பிடித்தால் நானும் உன் பெரியம்மாவும் அவன் வயிற்றுக்கு அடியில் நடக்கிறோம். இதெல்லாம் எப்படி ஆயிற்று என்று நீ கேட்பாய், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஜனவரியில் நீ எழுதியிருந்தாய், ஹெய்சுகேக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது, இனி நடுவயசு நாய்ச் சாப்பாடு வேண்டாம், வயசான நாய்க்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள் என்று. நானும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைப் பெரிய கடைக்குப் போனேன். அந்த அலமாரியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு வயசுக்கு மேல் ஒரு மூட்டை, பத்துக்கு மேல் ஒன்று, பதின்மூன்றுக்கு மேல் ஒன்று, பதினைந்துக்கு மேல் ஒன்று, மூட்டு வலிக்கு, மங்கின கண்ணுக்கு, வெளியே போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் நாய்க்கு, எதையும் பிடிக்காத நாய்க்கு. எனக்கு எழுபத்தொன்று. எனக்கென்று இந்த நாட்டில் யாராவது மூட்டையில் எழுதி வைத்திருக்கிறார்களா. நான் என் வாழ்நாள் முழுக்க மாசிக் கொட்டகையில் சூரை மீனைப் புகையில் வாட்டி, காயவைத்து, கட்டை போலாக்கி, ஊரெல்லாம் சூப்பு வைக்கக் கொடுத்தவன், எனக்கு இன்றைக்கும் அதே மிசோ சூப்பும் அதே திட்டும்தான். சரி, நமக்குக் கிடைக்காத மரியாதை நம் வீட்டுப் பெரியவனுக்காவது கிடைக்கட்டும் என்று அலமாரியின் உச்சியில் இருந்த பதினெட்டு வயசுக்கு மேல் என்ற மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். பெரிய எண், பெரிய மரியாதை. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. இதில் மிகையாகச் சொன்னது கோட்டு மட்டும்தான், பழைய ஸ்வெட்டர்தான் போட்டிருந்தேன்.

அவன் அதை ரசித்துச் சாப்பிட்டான். ஏப்ரலில் படியேற மாட்டேன் என்று நின்றுவிட்டான், பின்னங்கால் இரண்டும் நடுங்கின. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். பழைய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டார், இப்போது அவர் இடத்தில் ஷிமோசோனோ என்று ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், உன் வயசுதான் இருக்கும், கையில் ஊசி இல்லாதபோதும் பயப்பட வேண்டிய ஆள். தராசில் அவனை ஏற்றினாள், தராசு இரண்டு தடவை சுற்றி வந்து, உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டது. பிறகு நான் வாங்கின மூட்டையின் பேரைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், சிரிக்கிறாள் என்று தோள் காட்டிக்கொடுத்தது. அந்தச் சாப்பாடு பசியே எடுக்காமல் உருகிப்போகும் கிழட்டு நாய்களுக்காம், இரண்டு வாய் தின்றாலும் தெம்பு ஏற வேண்டும் என்று கொழுப்பைத் தூக்கலாகப் போட்டிருப்பார்களாம், இவனுக்கு அதைக் கிண்ணம் நிறையக் கொடுப்பது அடுப்பில் மூன்று நாள் விறகை ஒரே சமயத்தில் வைப்பது மாதிரியாம். வயசைப் பார்த்து வாங்காதீர்கள், நாயைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள் என்றாள். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதுதான் கணக்காம். நான் அங்கேயே என் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டேன், எனக்கு இரண்டு வழியிலும் தெரிந்தது. ஹெய்சுகேக்கு ஒரு வழியிலும் தெரியவில்லை. வயசாகிவிட்டது என்று மாமிசச் சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் காலில் இருக்கும் சதையும் போய்விடும், கொழுப்பைக் குறைக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், சிறுநீரகம் களைத்திருக்கிறது, அதற்கேற்ற சாப்பாடு இது என்று ஒரு பையைக் கொடுத்தாள். வேளைக்கு எண்பத்தைந்து கிராம், கரண்டியால் இல்லை, தராசால். கடைவாய்ப் பல் இரண்டு ஆடுகிறது, அதனால் வெந்நீரில் ஊறவைத்து வெதுவெதுப்பாகக் கொடுங்கள் என்றும் சொன்னாள். அந்தக் கடைசிப் பேச்சை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காட்டுப்பன்றியைத் துரத்தின வம்சத்துக்குக் கஞ்சி கொடுப்பதா என்று எனக்கு ரோஷம்.

மே மாதம் மறுபடி தராசு. ஒன்றரைக் கிலோ கூடியிருந்தான். பதினேழு கிலோ இருநூறு கிராம். அந்தப் பெண் ரத்தம் எடுத்துப் பார்த்தாள், சுரப்பி கிரப்பி எல்லாம் சரியாக இருந்தது, சிறுநீரகம் மட்டும் முன்னைவிட மோசம். நான் சத்தியம் செய்தேன், இவன் காலையில் வைப்பதில் பாதியைத்தான் தொடுகிறான், மீதியை மூக்கால் தள்ளிவிடுகிறான், காற்றைக் குடித்தே பருக்கிறான், இது மருத்துவ உலகில் புதுமை, இதற்கு என் பெயரையே வைக்கலாம் என்றேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டு உன் பெரியம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம், இந்த வீட்டில் யார் என்ன சாப்பிட்டாலும், மனுஷரோ நாயோ, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள் அம்மா என்றாள்.

இங்கே நான் ஒரு ரகசியத்தை உடைக்க வேண்டும். நீ போன வருஷம் போனில் கேட்டாய் அல்லவா, பெரியம்மா எனக்கு இன்னும் சாப்பாடு வைக்கிறாளா, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று. அவளும் எப்போதோ விட்டாச்சு என்று சொன்னாள். பச்சைப் பொய். நீ விமானம் ஏறின அன்று மாலையிலிருந்து ஒரு நாள் தவறாமல் ஏழு மணிக்கு உன் இடத்தில் நீ உட்காரும் மெத்தை, உன் சின்ன மேசை, உன் சிவப்பு அரக்குக் கிண்ணம் மூடியோடு, சோறு, சூப்பு, முள்ளங்கி, வேகவைத்த சூரை, மீன் வடை, பக்கத்தில் உன் போட்டோ. தூர தேசம் போன பிள்ளை அங்கே பட்டினி கிடக்கக்கூடாது என்று இங்கே பரிமாறுகிற சாப்பாடு. உனக்கு அப்போது விடியற்காலை ஆறு மணி, நீ குறட்டை விட்டுக்கொண்டிருப்பாய், அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நீ சிரிப்பாய் என்றுதான் உன்னிடம் மறைத்தாள். சிரிக்காதே. உன் அப்பா யோஷிஹிசா, என் தம்பி, கப்பலில் இருந்த மூன்று வருஷமும் அவள் அவனுக்கும் வைத்தாள். என் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்காக ஒரே ஒரு நாள், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், அன்று வைக்கவில்லை. அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். கப்பல்காரர்களும் வானிலைக்காரர்களும் என்னென்னவோ காரணம் சொன்னார்கள், அவளுக்கு ஒரே காரணம்தான், இருபத்திரண்டு வருஷமாக.

சரி. அப்படி வைத்த சாப்பாட்டை ஒரு மணி நேரம் கழித்து இறக்கி, வீணாக்காமல், வீட்டு ஆள் ஒருத்தர் சாப்பிட வேண்டும், அதுதான் முறை. அந்தப் பொறுப்பு எனக்கு. நானோ அதற்குள் என் பங்கை முடித்துவிட்டு மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருப்பேன். உன் பெரியம்மா அடுப்படிக்குள் போனதும் முழங்காலில் ஈரமாக ஒரு மூக்கு வந்து ஒட்டும். முதல் நாள் ஒரு மீன் வடைத் துண்டு, அவ்வளவுதான், இதுவும் வீட்டு ஆள்தானே என்று நினைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் இரண்டு. பிறகு எனக்குக் கணக்கில் ஆர்வம் போய்விட்டது. அவனும் பூசாரி மாதிரி ஆகிவிட்டான், ஆறரைக்கே வந்து உன் மெத்தைக்கு எதிரே முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்துவிடுவான், உன் பெரியம்மா அதைப் பார்த்து, பாருங்கள், வகானாவை எப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கண் கலங்குவாள். நானும் கூடவே தலையாட்டுவேன். உண்மையைச் சொல்வது சரியாக இருக்காது என்று பட்டது.

ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுபோனோம். என் பங்குக்கு நான் எழுதினது மொத்தம் மூன்று வரி, அதில் நாய் தியானம் செய்கிறது என்பது ஒன்று. உன் பெரியம்மா எழுதினது அரிசி எண்ணின மாதிரி சுத்தமாக இருந்தது. அதில் ஒவ்வொரு நாளும், மாலை, என் கணவர், தன் சாப்பாடு, பிறகு வகானாவின் சாப்பாடு, இரண்டும் மிச்சமில்லாமல், என்று பெருமையாக எழுதியிருந்தாள். டாக்டர் பெண் அதைப் படித்தாள். மாசிக் கட்டை போலக் காய்ந்து கிடக்கும் என்னைப் பார்த்தாள். கீழே பரவிக் கிடந்த ஹெய்சுகேயைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே காத்திருந்த கிளிகூடப் பேச்சை நிறுத்திவிட்டது.

"ஐயா, தினமும் ரெண்டு சாப்பாடு சாப்பிடறது நீங்களா, இவனா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவளுக்கு மட்டும்தான் அந்த உரிமையா. பிறகு அவள் சிரிப்பை விட்டுவிட்டு உட்கார்ந்து பேசினாள். மிசோ, சோயா, கருவாட்டுச் சாறு, எல்லாம் உப்பு, இந்த வயசில் இந்தச் சிறுநீரகத்துக்கு அது விஷம், இந்த எடைக்கு அந்தக் கால் தாங்காது, இன்னும் இரண்டு மாசம் இப்படியே போனால் எழுந்திருக்க மாட்டான், அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். நீ ஆகஸ்டில் ஓபோன் பண்டிகைக்கு வருகிறாய் என்று உன் பெரியம்மா அவளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். "அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நிக்கறப்ப இவன் ஓடி வரணுமா, படுத்த இடத்துலேர்ந்து பாக்கணுமா, அத நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும்" என்றாள். வண்டியில் திரும்பி வந்தோம். நாற்பத்தாறு வருஷத்தில் உன் பெரியம்மா திட்டாத பயணம் அது ஒன்றுதான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், நாய் செத்துப்போச்சுன்னு வகானாவுக்கு நான் எப்படி எழுதுவேன் என்றாள். அதற்கு அடுத்த மூச்சிலேயே, ஆனா அவ தட்ட நான் எடுக்க மாட்டேன் என்றாள்.

அன்று மாலையிலிருந்து உன் சாப்பாட்டை நானே சாப்பிட்டேன், நிஜமாகவே, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, முதுகுக்குப் பின்னால் ஹெய்சுகேயின் பார்வை சட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது வயிறு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தேன், என் சர்க்கரை வியாதியைப் பார்க்கும் டாக்டர் கிடைக்காது என்றார். அவனுக்கு அவன் கிண்ணத்தில் எண்பத்தைந்து கிராம் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பழைய கடன்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போய், உன் மெத்தைக்கு எதிரே படுத்துக்கொண்டான். உனக்கு வைக்கிறதுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் கூழாங்கல் என்பது அவன் கட்சி. மறுநாளும் அப்படியே. நான் அவன் எதிரில் மண்டியிட்டு அந்த உருண்டைகளில் நாலை வாயில் போட்டு, ஆஹா என்று கண்ணை மூடிக் காட்டினேன். உப்பு இல்லை, மற்றபடி உன் பெரியம்மா கல்யாணமான புதிதில் சமைத்ததைவிட மோசம் என்று சொல்ல முடியாது. அவன் அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் நடக்கக் கூப்பிட்டேன், வாலைக்கூட ஆட்டவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டான். டாக்டருக்குப் போன் போட்டேன். வயசான நாய், அதுவும் சிறுநீரகம் பழுதானது, இவ்வளவு நாள் வெறும் வயிற்றில் இருக்கக்கூடாது, இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். உன் பெரியம்மா மீன் வடையைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள், திரும்ப எடுத்தாள். கொடுத்தாலும் அவன் போவான், கொடுக்காவிட்டாலும் போவான். நான் அப்போது ஒரு வேடிக்கையும் பேசவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்.

மாலை ஆறே முக்காலுக்கு மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது, அவள் கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போனாள். அந்தச் சமயத்தில் இந்த நாட்டின் மூளைகளுக்கெல்லாம் தலைமை மூளையான எனக்கு ஒரு யோசனை வந்தது. அவன் உன் தட்டில் இருப்பதைத்தான் சாப்பிடுவான் என்றால், அவன் சாப்பாட்டை உன் தட்டில் வைத்துவிட்டால் என்ன. உன் அரக்குக் கிண்ணத்தில் எண்பத்தைந்து கிராம் நாய்ச் சாப்பாட்டைக் கொட்டி, மூடியால் மூடி, உன் போட்டோவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டு, உன் மேசையில் வைத்தேன். ஹெய்சுகே காதைத் தூக்கினான். தலையைத் தூக்கினான். நான் ராஜாவுக்குப் பரிமாறுகிற மாதிரி மூடியை எடுத்தேன். அவன் எட்டிப் பார்த்தான், மூக்கை விட்டான், ஒரு உருண்டையை வாயில் எடுத்துக் கடித்தான், கடைவாய் வலித்திருக்க வேண்டும், சிணுங்கிக்கொண்டே துப்பிவிட்டுச் சுவர்ப் பக்கமே திரும்பிவிட்டான். நான் மூடியைத் திரும்பப் போடுவதற்கும், துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உன் பெரியம்மா அறை வாசலில் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

அவள் என்னை எரிமலை வாயில் போடுவாள் என்று எதிர்பார்த்து நான் வசதியாக உட்கார்ந்துகொண்டேன். அவள் துணியைக் கீழே வைத்தாள், உன் மெத்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள், மூடியைத் தூக்கினாள், கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மூடியைத் திருப்பி அதன் உள்பக்கத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள். காஞ்சு கிடக்குதே என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூடாக வைத்த சாப்பாட்டின் ஆவி மூடிக்குள் முத்து முத்தாக வேர்த்திருந்தால் தூரத்தில் இருக்கிற பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது காய்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நான் நாற்பது வருஷமாகக் கேலி செய்துவந்த விஷயம். எவ்வளவு சூடாக ஊற்றினால் எவ்வளவு வேர்க்கும், இதற்குப் பெயர் சமையல், ஜோசியம் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெத்தை ஓரத்திலிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.

அவள் எழுந்து போய்த் தேநீர்க் கெண்டியைக் கொண்டுவந்து, அந்த நாய்ச் சாப்பாட்டின் மேல் வெந்நீரை ஊற்றினாள். ஊற்றி, மூடியைப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரொம்பச் சூடு கூடாது என்று டாக்டர் சொன்னாள் என்று இழுத்தேன், சும்மா இருங்க என்றாள், சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்த அந்தப் பத்து நிமிஷத்தை ஊரில் கல்வெட்டில் பொறிக்கப் போகிறார்கள். வெளியே மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. பிறகு அவள் மூடியைத் தூக்கினாள். உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது, நடுவில் ஒரு துளி கனத்துப்போய்க் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. கூடவே ஒரு வாசனை எழும்பியது பார், இறைச்சியும் மீனும் கலந்த மாதிரி, அந்தக் கூழாங்கல்லுக்குள் இப்படி ஒரு வாசனை ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. சுவரோரத்தில் ஒரு மூக்கு அசைந்தது. ஹெய்சுகே முன்னங்காலை ஊன்றினான், பின்னங்கால் ஒரு தடவை வழுக்கியது, இரண்டாவது தடவை நின்றது. நேராக வந்து உன் கிண்ணத்தில் வாயை வைத்தான். முதலில் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தான். பிறகு ஊறின உருண்டை ஒவ்வொன்றாக. பிறகு எல்லாம். அடியில் இருந்த தண்ணீரை நக்கி, கிண்ணத்தை நக்கி, அவள் கையை நக்கினான். உன் பெரியம்மா அவனைப் பார்க்கவில்லை, மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

அன்றிலிருந்து இன்றோடு இருபத்தோரு நாள் ஆகிறது. ஆக, மதிப்புக்குரிய வகானா அவர்களே, கடந்த மூன்று வாரமாகத் தாங்கள் இந்த வீட்டில் தினமும் விருந்து உண்டுவருவது, சிறுநீரகம் களைத்த, கடைவாய் ஆடும், பின்னங்கால் நடுங்கும் முதிய நாய்களுக்கான உணவு, வெந்நீரில் ஊறியது, எண்பத்தைந்து கிராம். விடியற்காலை ஆறு மணிக்குக் காரணமில்லாமல் யாரையாவது பார்த்து வாலாட்டத் தோன்றினால் பயப்படாதே. முடி பளபளப்பாக வருகிறதா என்று கவனித்து எழுது, டாக்டர் பெண் அந்தப் பையில் அப்படித்தான் போட்டிருப்பதாகச் சொன்னாள். உனக்குக் கோழி பிடிக்காது, இதில் கோழி இருக்கிறது, உன் பெரியம்மா அதற்காகத் தினமும் உன் போட்டோவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறாள், இன்னிக்கும் இதேதான்ம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ என்கிறாள். மரியாதைக்காக ஓரத்தில் ஒரே ஒரு முள்ளங்கி ஊறுகாய்த் துண்டு வைக்கிறாள், அதைச் சாப்பிடும் பொறுப்பு எனக்கு, என் இரண்டாவது சாப்பாடு இப்போது அவ்வளவுதான். போன சனிக்கிழமை தராசில் ஹெய்சுகே பதினாறு கிலோ. ஒரேயடியாகக் குறைக்கக்கூடாதாம், ஆகஸ்டுக்குள் பதினாலரை வந்தால் போதும், வாசல் வரை ஓடுவான் என்று டாக்டர் பெண் சொல்கிறாள். நேற்று முன்தினம் சின்னப் படியை அவனே ஏறிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். விலா எலும்பைத் தேடிப் பார்த்தேன், ரொம்ப ஆழத்தில் ஏதோ ஒன்று விரலுக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது. காலையில் மட்டும் அவன் கிண்ணத்திலேயே சாப்பிடுகிறான், அதற்கும் வெந்நீர் வேண்டும். என் ரோஷம் எங்கே போயிற்று என்று கேட்காதே. எனக்கும் கடைவாயில் ஒன்று ஆடுகிறது, சோற்றில் நானும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக்கொள்கிறேன்.

மற்றபடி ஊர்ச் செய்தி சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. குவசுரு வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது, எட்டு என்கிறாள், நான் நாற்பது என்று பரப்பிவருகிறேன். இந்த வருஷம் சூரை நன்றாக விழுகிறது. நீ அங்கே குளிர் காலத்தில் வேலை நேரம் பார்க்காமல் ரொட்டியைக் கடித்துவிட்டு ஓடுகிறாய் என்று தெரிகிறது, அது கூடாது, சூடாக ஏதாவது உட்கார்ந்து சாப்பிடு. இங்கே உன் பங்குக்கு வைப்பதைத்தான் பார்த்துவிட்டாயே, அதை நம்பி அங்கே பட்டினி கிடந்துவிடாதே. வயிறு நிறைய, உடம்பு நலமாக, போன வேலை நல்லபடியாக முடிந்து, எந்தக் கடலும் உன்னை ஒன்றும் செய்யாமல் திரும்பி வா என்று உன் பெரியம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என்னுடையதும் அதே, ஆனால் பத்து மடங்கு. ஞாபகமாக விமானத் தேதியை உடனே எழுது. அந்தத் தட்டு விஷயத்தை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. போனில் பேசும்போது, இப்போதெல்லாம் எழுந்திருக்கும்போதே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது பெரியம்மா என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவை.

இனி, சத்தியம் செய்தவன் என்ற முறையில் கணக்கை முடிக்கிறேன். படகுக்காரர் கயிறு கட்டினது பொய். தராசு லீவு கேட்டது பொய். கல்வெட்டு பொய், கிளி பொய், நான் நெஞ்சில் வலது கையை வைத்ததுகூடப் பொய், இரண்டு கையாலும் தேநீர் குடித்துக்கொண்டே எழுதுகிறேன், மற்றதையெல்லாம் பாதியாக்கிக்கொள். ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜம். நேற்று மாலை உன் பெரியம்மா கெண்டியை வைக்க அடுப்படிக்குப் போனாள். அவள் வருவதற்குள் நான் உன் மூடியை ஓர் ஓரமாகத் தூக்கி உள்ளே பார்த்தேன். நன்றாக வேர்த்திருந்தது. முதலில் பார்த்தது அவளாகவே இருக்கட்டும் என்று சத்தமில்லாமல் மூடி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு, உன் வரவைப் பார்த்திருக்கும்,
பெரியப்பா தொக்குஜிரோ